யார் முகத்தில் சோதனை?

தமிழில் 'சோதனை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஆய்வுக்கூடத்தில் நடப்பதும் சோதனை. வாழ்க்கையில் படுகிற பாடும் சோதனை. ஒரு கவிதையைச் 'சோதனை முயற்சி' என்று சிறுபத்திரிகை பாராட்டும்போது அந்தச் சொல்லில் துணிச்சல் இருக்கிறது. 'எனக்குன்னு வந்த சோதனை' என்று பக்கத்து வீட்டு அக்கா பெருமூச்சு விடும்போது அதே சொல்லில் அயர்ச்சி இருக்கிறது. முதலாவதில் சோதிப்பவர் பேசுகிறார், இரண்டாவதில் சோதனைக்கு உள்ளானவர் பேசுகிறார்.

நம் கதைகளில் பெண்ணுக்குப் பெரும்பாலும் வாய்த்தது இரண்டாவது பொருள்தான். சீதைக்குத் தீ வைத்தார்கள். நான் வாழும் திருத்தணியில், வள்ளியை மணந்த முருகன் மலைமேல் வந்து அமர்ந்ததாக ஐதீகம். அந்தக் காதல் கதையை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அறிவார்கள். தினைப்புனம் காத்த பெண்ணிடம் அவன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான். கடைசியில் அண்ணனை யானையாக வரவழைத்து அவளை அச்சுறுத்துகிறான். உருவம் மாற்றும் வித்தை முழுக்க அவனிடம் இருக்கிறது. எது மெய், எது தோற்றம் என்று தெரியாமல் நடுங்குவது அவள் பங்கு. கதை கல்யாணத்தில் முடிவதால் அந்த நடுக்கத்தை நாம் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறோம்.

இன்று உருவம் மாற்றும் வித்தை என் மாணவிகளின் கைப்பேசியில் இருக்கிறது. படம் எடுக்கிறார்கள், வெட்டுகிறார்கள், ஒன்றின்மேல் ஒன்றை அடுக்குகிறார்கள், நிறத்தை மாற்றுகிறார்கள், செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் சொல்லி இல்லாததை வரவழைக்கிறார்கள். காலங்காலமாகச் சோதனைக்கு உள்ளானவள் இப்போது சோதிப்பவளாக இருக்கிறாள். இது மகிழ வேண்டிய மாற்றம். ஆனால் இதோடு ஒரு கேள்வியும் வருகிறது. அவள் சோதிக்கும்போது சோதனைக்கு உள்ளாவது யார்? அந்த இன்னொருத்திக்கு அதில் ஒரு சொல்லாவது உண்டா?

*

ஒளிப்படத் தொழில்நுட்பம் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளப் பெண் முகங்களையே பயன்படுத்திய வரலாறு ஒன்று இருக்கிறது. வண்ணப்படச் சுருள் பரவலான காலத்தில் கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு ஓர் அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அந்தப் பெண்ணின் தோல் சரியான நிறத்தில் அச்சானால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். முதலில் அப்படி அமர்ந்த பெண்ணின் பெயரால் அதை 'ஷெர்லி அட்டை' என்றார்கள். பிறகு வேறு பெண்கள் அமர்ந்தார்கள். எல்லாருக்கும் பெயர் ஷெர்லிதான். அவளுடைய தோலுக்கு ஏற்பச் சீர்செய்யப்பட்ட அந்தச் சுருளில் கறுத்த முகங்கள் இருட்டாய் விழுந்தன. கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. கறுத்த மனிதர்களின் குறையைவிட, தங்கள் மேசையின் மர நிறமும் மிட்டாயின் பழுப்பும் படத்தில் சரியாக வரவில்லை என்று மரச்சாமான் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும் சொன்ன குறைதான் கோடாக்கின் காதில் முதலில் ஏறியது என்பதும் பதிவாகியிருக்கிறது.

நம் ஊர் ஸ்டுடியோக்களில் பெண்பார்க்கும் படத்துக்கு உட்கார வைக்கும்போது, 'கொஞ்சம் பவுடர் போட்டுக்கம்மா' என்று சொன்னார்களே, அந்தப் பவுடருக்குப் பின்னால் சாதி, கல்யாணச் சந்தை, வெள்ளைத் தோல் மோகம் எல்லாம் இருந்தன. தூரதேசத்தில் அச்சடித்த இந்த அட்டையும் இருந்தது. இன்றைய கைப்பேசி கேட்காமலேயே பவுடர் பூசுகிறது. 'அழகு' என்ற பொத்தானைத் தொட்டால் முதலில் நடப்பது நிறம் குறைவதுதான்.

டிஜிட்டல் படத்தின் கதையும் அதே வழியில் போனது. 1973-இல் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படங்களைக் கணினிக்குள் சுருக்கிச் சேமிக்கும் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. சோதித்துப் பார்க்க ஒரு நல்ல படம் தேவைப்பட்டது. 1972 நவம்பர் மாத பிளேபாய் இதழின் நடுப்பக்கத்தைக் கிழித்து, மாடலாக நின்ற ஸ்வீடன் பெண் லேனாவின் தலையும் தோளும் மட்டும் வரும்படி வருடிக்கொண்டார்கள். அந்தப் படம் அரை நூற்றாண்டு காலம் உலகம் முழுதும் பாடப்புத்தகங்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் 'சோதனைப் படம்' ஆக இருந்தது. படத்தைச் சுருக்குவதற்கும் தெளிவாக்குவதற்கும் கலைத்துச் சேர்ப்பதற்கும் எழுதப்பட்ட எத்தனையோ கணக்குகள் அந்த முகத்தின்மேல் ஓட்டிப் பார்க்கப்பட்டவை. தன் முகம் இப்படி ஊர் சுற்றுகிறது என்பது லேனாவுக்கே பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. மாடல் தொழிலிலிருந்து எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டேன், தொழில்நுட்பத்திலிருந்தும் ஓய்வு கொடுங்கள் என்று 2019-இல் ஓர் ஆவணப்படத்தில் கேட்டுக்கொண்டார். 2024 ஏப்ரல் 1 முதல் அந்தப் படம் உள்ள கட்டுரைகளை ஏற்பதில்லை என்று ஐ.இ.இ.இ. கணினிச் சங்கம் அறிவித்தது. பொறியியல் படிக்கும் பெண்கள் ஐம்பது வருடம் அந்தப் படத்தை வைத்துப் பாடம் படித்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வகுப்பறையின் திரையில் இருந்த பெண் சோதனைப் பொருள். பெஞ்சில் இருந்த பெண் சோதிக்கக் கற்றுக்கொள்பவள்.

*

அந்த இரண்டாவது பெண்ணின் மூதாதை என்று ஒருவரைச் சொல்லலாம். ஜூலியா மார்கரெட் கேமரன் 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசம்பரில், நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவோடு தொடங்கினார். பிள்ளைகள் வளர்ந்து, 'இனி அம்மாவுக்குப் பொழுது போக வேண்டும்' என்று வீட்டார் நினைக்கும் வயது அது. இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த தன் வீட்டில் கோழிக்கூண்டைக் கண்ணாடிப் படக்கூடமாக மாற்றினார். நிலக்கரி போட்டுவைக்கும் அறை இருட்டறை ஆனது.

அன்றைய முறை எளிதானதல்ல. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசின் திரவத்தை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட்டில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். விரல்கள் கறுத்துப்போகும். தூசி ஒட்டும், பூச்சு உரியும், எதிரில் இருப்பவர் மூச்சுவிட்டால் படம் கலங்கும். இவற்றையெல்லாம் குறை என்று தூக்கியெறிவது வழக்கம். கேமரன் வைத்துக்கொண்டார். கலங்கிய குவியம், கீறல், விரல் தடம், உடைந்த தகடு எல்லாம் அவர் படங்களில் இருக்கின்றன. லண்டன் ஒளிப்படச் சங்கத்தின் இதழ் அவரைத் தொழில் தெரியாதவர் என்று ஏளனம் செய்தது. கூர்மைதான் நல்ல படத்தின் இலக்கணம் என்று யார் விதித்தார்கள் என்பது அவருடைய கேள்வி. வீட்டு வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று பெண்ணைச் சொல்லும் அதே தொனியில் அவருடைய கலையைச் சொன்னார்கள். அவர் அசையவில்லை. இன்று அந்தக் கலங்கல்தான் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெண்ணுக்குச் சோதித்துப் பார்க்கும் உரிமை வேண்டும், பிசகும் உரிமையும் வேண்டும் என்று பேசும்போது நான் முதலில் நினைப்பது இவரைத்தான்.

கதையின் மறுபாதி நம் பக்கத்தில் நடக்கிறது. அவருடைய கணவர் சார்லஸ் ஹே கேமரனுக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875-இல் குடும்பம் இலங்கைக்குப் போனது. அந்தத் தோட்டங்கள் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, காட்டு வழியில் நடந்துபோன கூலிகளின் உழைப்பால் எழுந்தவை. வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். கேமரன் அங்கும் படம் எடுத்தார். களுத்துறையின் குடியானவர்கள், தோட்டத்துத் தொழிலாளர்கள், இளம்பெண்கள் என்று மிகச் சில படங்களே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் உள்ளவர்களின் முகங்கள் அழகாக, கண்ணியமாக இருக்கின்றன. பெரும்பாலானவர்களுக்குப் பெயர் இல்லை. இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசனுக்கும் டார்வினுக்கும் ஹெர்ஷலுக்கும் பெயர் உண்டு. மாதாவாக வேடமிட்டு நின்ற வீட்டு வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியருக்கும்கூடப் பெயர் பதிவாகியிருக்கிறது.

1877-இல் அவரைப் பார்க்க வந்த ஓவியர் மரியான் நார்த் தன் நினைவுக்குறிப்பில் ஒரு செய்தி சொல்கிறார். அங்கிருந்த ஒருவரின் முதுகு கேமரனுக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். அந்த முதுகுக்காகவே அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் வற்புறுத்தினாராம். அந்த வீட்டில் தோட்டமே இல்லை, அந்த மனிதருக்குத் தோட்டக்காரர் என்ற சொல்லுக்கே பொருள் தெரியாது என்று நார்த் வேடிக்கையாக எழுதுகிறார். படிக்கும் நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்த மனிதரின் இடத்திலிருந்து யோசித்தால்? ஒரு முதுகாக வேலைக்குச் சேர்க்கப்படுவது எப்படி இருந்திருக்கும்? தன் முதுகை அவர் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்.

தன் நாட்டில் ஆண்கள் விதித்த இலக்கணத்தை மீறிய ஒரு பெண்ணின் சுதந்திரம், இன்னொரு நாட்டில் வேறு உடல்களை மூலப்பொருளாகக் கொண்டது. இதனால் கேமரனின் துணிச்சல் பொய்யாகிவிடாது. அவருடைய துணிச்சலைக் காட்டி இதை மூடவும் முடியாது. இரண்டையும் ஒன்றாகக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டியிருக்கிறது.

*

இந்தச் சிக்கலைக் கலைக்குள்ளேயே எதிர்கொண்டவர்களில் ஒருவர் பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா என். சிற்பக் கல்வி பெற்றவர். பிரிட்டிஷ் ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை 'தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள்: பழக்கங்களும் வழக்கங்களும்' என்ற படத்தொடரைச் செய்தார். தலைப்பே காலனிய அதிகாரிகளின் புத்தகத் தலைப்பைப் போல ஒலிக்கும். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்தியாவின் மக்கள்' போன்ற நூல்கள், சாதிக்கும் குலத்துக்கும் ஒரு மாதிரி முகம் என்று மனிதரை வகைபிரித்து அடுக்கின. கட்டம் போட்ட திரைக்கு முன் உடலை நிறுத்தி, அளவுகோலை வைத்துப் படம் எடுப்பதும் அந்தக் காலத்து மானுடவியலின் வழக்கம்.

புஷ்பமாலா அந்தத் திரைக்கு முன் தானே போய் நின்றார். ரவிவர்மாவின் நிலவொளிப் பெண்ணாக, லட்சுமியாக, வேளாங்கண்ணி மாதாவாக, எழுபதுகளின் தமிழ்ப் படமொன்றில் சாட்டையோடு நிற்கும் ஜெயலலிதாவாகவும் நின்றார். பிறர் உருவாக்கிய படிமங்களுக்குள் தன் உடலை நுழைத்து, அவை எப்படிக் கட்டப்பட்டவை என்று காட்டினார். வேடம் மிகச் சரியாகப் பொருந்தும். ஆனாலும் எங்கோ ஒரு தையல் வெளியே தெரியும். அந்தத் தையல்தான் படத்தின் பொருள். அத்தொடரின் ஒரு பகுதி, படம் உருவான முறையையே காட்டுகிறது. திரைக்குப் பின்னால் விளக்கு எங்கே இருந்தது, யார் சேலையைச் சரிசெய்தார், எப்படித் தவம் கலைந்தது என்பதெல்லாம் அதில் வரும். தன் வித்தையை மறைக்காமல் வெளிக்காட்டுவது ஒரு அழகியல் தேர்வு. அது ஒரு அறத் தேர்வும்கூட. ஏமாற்றுவதற்கும் கற்பனை செய்வதற்கும் இடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஆனாலும் கேள்வி முடிந்துவிடவில்லை. காலனியக் கேமரா அளந்த பழங்குடிப் பெண்ணின் இடத்தில் நகரத்துக் கலைஞர் நிற்கும்போது, அளக்கப்பட்ட அந்தப் பெண் இப்போதும் படத்தில் இல்லை. அவள் வலியை இன்னொரு உடல் நடித்துக்காட்டுகிறது. அவள் வந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று நமக்குத் தெரியாது. ஒருவேளை திரும்பிக்கொண்டிருக்கலாம். இலங்கைக் கலைஞர் அனோலி பெரேரா 2010-11-இல் செய்த படத்தொடரில், பழைய ஸ்டுடியோப் பாணியில் அமர்ந்திருக்கும் பெண்கள் தங்கள் நீண்ட கூந்தலை முன்னால் தள்ளி முகத்தை முழுக்க மூடிக்கொள்கிறார்கள். கேமரா இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, உடை இருக்கிறது. முகத்தை மட்டும் தர மறுக்கிறார்கள். அந்த மறுப்பைப் படமாக்க முடிந்தது என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

*

'இப்படி ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தால் கலை எப்படி வளரும்? கவிஞர்கள் யாரைக் கேட்டு எழுதுகிறார்கள்?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நானும் கவிதை எழுதுகிறவள். பேருந்தில் பார்த்த முகங்கள் என் வரிகளில் இருக்கின்றன. ஆனால் நம் மரபு இதை யோசிக்காமல் விடவில்லை. அகத்திணையில் காதலரின் இயற்பெயரைச் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. தலைவன், தலைவி, தோழி என்று மட்டுமே வரலாம். இதை இலக்கிய மரபு என்று பாடம் நடத்திவிட்டுப் போகிறோம். அதற்குள் ஒரு அக்கறையும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை ஊரறியப் பாடலாம், ஆனால் அவளை ஊர் அடையாளம் காணக் கூடாது.

சொல்லால் இதைச் செய்ய முடிகிறது. ஒளிப்படத்தால் எளிதில் முடிவதில்லை. ஒளிப்படத்தில் முகமே பெயர். கேமரனின் இலங்கைப் படங்களில் நடந்தது அகத்திணைக்கு நேர் எதிரானது. அங்கே முகம் முழுதாய் இருக்கிறது, பெயர்தான் போய்விட்டது. காப்பதற்காகப் பெயரை மறைப்பது வேறு, பெயரைக் கேட்கவே தோன்றாமல் விடுவது வேறு.

இது எங்கள் வகுப்பறைக்குள் ஒருமுறை மிகக் கூர்மையாக வந்தது. படமும் கவிதையும் சேர்ந்த ஒரு பயிற்சி கொடுத்திருந்தேன். ஒரு மாணவி நல்ல யோசனையோடு வந்தாள். மலைக்கோயிலில் முடி காணிக்கை செலுத்திவிட்டு வரும் பெண்களைப் படம் எடுத்து, அவர்களுடைய மழித்த தலையில் கணினியில் மயில்தோகையை வளர்ப்பது. செய்துகாட்டிய மாதிரிப் படம் உண்மையிலேயே அழகாக இருந்தது. வகுப்பு கைதட்டியது. பின்பெஞ்சிலிருந்து இன்னொருத்தி எழுந்தாள்.

"போன மாசம் எங்கம்மா மொட்டை போட்டாங்க. அவங்கள யாராவது இப்படிப் பண்ணா நான் ஒத்துக்க மாட்டேன்."

"அழகாத்தானடி பண்றேன்?"

"அழகா இருந்தா கேக்க வேணாமா?"

நான் குறுக்கே பேசவில்லை. அவளே தொடர்ந்தாள். தம்பிக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா வேண்டிக்கொண்டாளாம். "அது அவங்க குடுத்துட்ட முடி. நீ எதுக்குத் திருப்பி வெக்கிற?"

இந்த ஒரு வாக்கியத்தை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். சம்மதம் என்றதும் நாம் ஆபாசத்தையும் அவமானத்தையும் மட்டுமே நினைக்கிறோம். படம் அழகாக இருந்தால், மரியாதையாக இருந்தால் சிக்கல் தீர்ந்தது என்று எண்ணுகிறோம். அவள் சொன்னது வேறு. மழித்த தலை ஒரு செயலின் முடிவு. ஒரு பெண் தன் விருப்பத்தோடு ஒன்றைக் கொடுத்துவிட்டு நிற்கிறாள். அதில் தோகையை வளர்ப்பவள், அழகு சேர்ப்பதாக நினைத்து அவளுடைய செயலை ரத்து செய்கிறாள். மொட்டைத் தலைப் பெண் பார்க்க நன்றாக இல்லை, அவளுக்கு எதையாவது திருப்பித் தர வேண்டும் என்ற ஊர்ப் பார்வையும் அந்தத் தோகைக்குள் ஒளிந்திருக்கிறது. வேண்டுதலில் நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் அந்த வகுப்பில் இருந்தார்கள். எல்லாருக்கும் அது புரிந்தது.

முதல் மாணவி கோபித்துக்கொண்டு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. இரண்டு முறை மொட்டை போட்ட தன் பாட்டியிடமே போனாள். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். 1960 வரை ஆந்திரத்தோடு இருந்த ஊர் இது, இரண்டு மொழியும் ஒரே திண்ணையில் உட்காரும். பாட்டியிடம் மாதிரிப் படத்தைக் காட்டியிருக்கிறாள். பாட்டி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, இறகெல்லாம் வேண்டாம், தலையில் பூசிக்கொள்ளும் சந்தனம் போதும் என்றாளாம். சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்தும் கொடுத்தாள். பேத்தி மிக அருகில் போய் எடுத்தாள். காய்ந்து வெடித்த சந்தனத்தைக் கணினியில் இன்னும் பெரிதாக்கி, நிறத்தை மெல்ல மாற்றினாள். கோடை காலத்து ஏரிப்படுகை போலவும், வெயிலில் நிற்கும் எங்கள் மலைப்பாறை போலவும் ஒரு படம் வந்தது. முகம் அதில் இல்லை. பாட்டியின் பெயரைப் போடலாமா என்று கேட்டதற்கு, கட்டாயம் போடு என்று சொல்லிவிட்டாள்.

மயில்தோகைப் படத்தைவிட இது மேலான படம். மேலானதற்குக் காரணம் மறுப்பு. கேட்கப் போனபோது கிடைத்த 'வேண்டாம்' என்ற சொல்லும், அதற்குப் பின் வந்த 'சந்தனம் போதும்' என்ற சொல்லும் உருவாக்கத்தின் படிகளாகிவிட்டன. சம்மதம் கேட்பதை வாசலில் கையெழுத்து வாங்குவதுபோல நினைத்தால் அது கலைக்கு இடையூறாகத்தான் தெரியும். எதிரில் இருப்பவருக்கும் கற்பனை உண்டு என்று ஏற்றுக்கொண்டால் அது வேலையின் உள்ளே வந்துவிடும். ஒளிப்படக் கலைஞர் கௌரி கில் 2013 முதல் வார்லி ஓவியர் ராஜேஷ் வாங்கடோடு செய்துவரும் படங்களை இங்கே நினைக்கலாம். அவர் எடுத்த கறுப்புவெள்ளைப் படங்களின் மேல், தன் நிலத்தின் கதைகளை வாங்கட் வரைகிறார். படம் இருவர் பெயரிலும் வெளிவருகிறது.

*

இங்கே நான் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அறம் பற்றிப் பேசினால், நம் ஊரில் அது உடனே பெண்ணைக் கட்டிப்போடும் கயிறாகத் திரிக்கப்படுகிறது. 'பார்த்தாயா, படமெல்லாம் ஆபத்து' என்று சொல்லிப் பெண்ணின் கைப்பேசியைப் பிடுங்குவார்கள். பல மாணவிகளின் முகப்புப் படத்தில் இன்றைக்கும் ரோஜாவோ குழந்தையோ முருகனோதான் இருக்கிறார்கள். அது அனோலி பெரேராவின் பெண்கள் கூந்தலால் மூடிக்கொண்டது போன்ற மறுப்பு இல்லை. அப்பாவோ அண்ணனோ போட்ட திரை.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019-இல் டீப்ட்ரேஸ் என்ற நிறுவனம், இணையத்தில் இருந்த போலிக் காணொளிகளை எண்ணிப் பார்த்தது. அவற்றில் 96 சதவீதம் சம்மதமின்றிச் செய்யப்பட்ட ஆபாசக் காணொளிகள். 2023 நவம்பரில் ஒரு பிரபல நடிகையின் முகத்தை வேறொரு பெண்ணின் உடலில் பொருத்திய காணொளி நாடெங்கும் பேசப்பட்டது. முகத்துக்குரியவருக்காகப் பலர் குரல் கொடுத்தார்கள், கொடுக்க வேண்டியதுதான். உடலுக்குரியவளும் ஒரு பெண், அவளையும் யாரும் கேட்கவில்லை என்பது பேச்சில் அதிகம் வரவில்லை. படம் வரையும் செயற்கை நுண்ணறிவுக்குப் பாடம் புகட்டப் பயன்பட்ட ஒரு பெருந்தொகுப்பில், 2022-இல் வெளியானது, 585 கோடிப் படங்களின் இணைப்புகள் இருந்தன. நாம் ஒரு சொல் தட்டினால் திரையில் தோன்றும் 'தமிழ்ப் பெண்' எவர் எவருடைய முகங்களை அரைத்துச் செய்தவள் என்று அந்தச் செயலியைச் செய்தவர்களே சொல்ல முடியாது. 'இந்தியாவின் மக்கள்' தொகுதிகளில் குறைந்தபட்சம் ஒரு முகத்துக்கு ஒரு பக்கம் இருந்தது.

ஆனால் இதற்குப் பதில் பெண்கள் சோதித்துப் பார்ப்பதை நிறுத்துவதல்ல. உருவம் மாற்றும் வித்தையை மறுபடியும் வேடன் கையில் கொடுத்துவிட்டு, தினைப்புனத்தில் நடுங்கிக்கொண்டு நிற்பதற்கா இத்தனை படித்தோம்? வித்தை தெரிந்தவளைத்தான் போலிப் படத்தால் எளிதில் மிரட்ட முடியாது. ஒளி எங்கிருந்து விழுகிறது, கழுத்தில் நிழல் ஏன் பொருந்தவில்லை என்று அவளுக்குத் தெரியும். தானே படங்களை வெட்டி ஒட்டிப் பழகியவளுக்கு அந்தப் படம் தன் மானம் அல்ல, எவனோ செய்த வெட்டு வேலை என்பதும் தெரியும். குற்றம் யாருடையது என்பதில் அவள் குழம்ப மாட்டாள்.

சோதித்துப் பார்க்க முகம்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஒளிப்படங்களால் ஆன முதல் நூலை 1843-இல் வெளியிடத் தொடங்கியவர் அன்னா அட்கின்ஸ் என்ற பெண். அவர் கேமராவே பயன்படுத்தவில்லை. இரும்பு உப்புகள் பூசிய தாளில் கடற்பாசியை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசி, நீலப் படங்களாக எடுத்தார். எங்கள் ஊர் வெயிலுக்கு அது சில நிமிட வேலை. வேப்பங்கொத்து, அம்மாவின் வளையல், கிழிந்த லேஸ், பொதட்டூர்பேட்டைத் தறியில் மிஞ்சிய நூல் என்று எதை வைத்தாலும் படம் வரும். அந்த நீலத்தை வருடிக் கணினிக்குள் கொண்டுபோய் அடுக்கலாம், கலைக்கலாம். முதலில் அவரவர் கை, அவரவர் நிழல், அவரவர் முகம் என்று தொடங்கலாம். தன் முகத்தைத் தானே மாற்றிப் பார்த்தவளுக்கு, அடுத்தவள் முகத்தைத் தொடும்போது விரல் கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கம் எனக்குப் பிடிக்கும்.

அடுத்தவள் முகத்தைத் தொடும்போது கேட்டுக்கொள்ள என்னிடம் சில கேள்விகள் உண்டு. இந்தப் படத்தை அவளிடம் காட்டுவேனா? காட்டினால் அவள் ஒன்றை மாற்றச் சொல்ல இடம் இருக்கிறதா? அவள் பெயரைக் கேட்டேனா, போடட்டுமா வேண்டாமா என்றும் கேட்டேனா? நான் மாற்றியிருக்கிறேன் என்பது பார்ப்பவருக்குத் தெரிகிறதா? நான் அவள் இடத்திலும் அவள் என் இடத்திலும் இருந்தால் இதைப் பொறுப்பேனா? எல்லாவற்றுக்கும் நல்ல பதில் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். தெருவில் ஓடும் கூட்டத்தை எடுக்கும்போதோ, ஓர் அநியாயத்தைச் சாட்சியாகப் பதியும்போதோ, கேட்க நேரமே இருக்காது. அதிகாரத்தில் இருப்பவரின் முகத்தை எடுக்க அவர் அனுமதி வேண்டியதில்லை. வலிமை யார் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கேள்வியின் எடை மாறும். மலைப்படியில் பூ விற்கும் பெண்ணுக்கு முன்னால் கைப்பேசியோடு நிற்கும் கல்லூரி மாணவி வலிமையுள்ளவள். அதை அவள் அன்றாடம் உணர வாய்ப்பில்லை, ஏனென்றால் வீட்டில் அவளுக்கு வலிமை இல்லை. வீட்டில் சோதிக்கப்படுபவளும் படியில் சோதிப்பவளும் ஒரே பெண்தான்.

திருத்தணி மலைக்கு முன்னூற்று அறுபத்தைந்து படிகள். ஆடிக் கிருத்திகையன்று காவடிகளோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கைப்பேசிகளும் ஏறுகின்றன. யாரும் யாரையும் கேட்பதில்லை, எல்லாரும் எல்லார் படத்திலும் விழுகிறார்கள். அந்த நெரிசலில் ஒருத்தி நின்று, "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா? இப்படி மாத்தப் போறேன், பாக்குறீங்களா?" என்று கேட்டால், அந்த அக்கா வேண்டாம் என்று போகலாம். பூக்கூடையை நன்றாகத் தெரிகிறமாதிரி எடு என்றும் சொல்லலாம். என் மாணவிகளிடம் நான் கேட்பது, இரண்டு பதிலுக்கும் தயாராகப் படியேறுங்கள் என்பதுதான்.